மூன்று அறை, ஒரே பந்தயம்

மார்ச் 3, ஞாயிறு

இன்று வீட்டுக்கு வர தம்பி முறை. போன ஞாயிறு அண்ணன் முறை. சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "பெத்த பசங்கள ஷிஃப்ட் போட்டுப் பாக்குற ஒரே அப்பன் நானாத்தான் இருப்பேன்." சிரித்தேன். அடுக்களைக்குள் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது.

எல்லாம் அப்பாவின் முழங்காலால் வந்தது. உடனே ஆபரேஷன் செய்யலாம் என்றான் அண்ணன், கொஞ்சம் பொறுக்கலாம் என்றான் தம்பி. ஆஸ்பத்திரி வராந்தாவில் வார்த்தை தடித்தது. "உனக்கு அப்பா மேல அக்கறை இருக்கா?" "அதக் கேக்க நீ யாரு?" ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து அப்பா இப்போது மாடிப்படியே ஏறுகிறார். இவர்கள் பேச்சுதான் இன்னும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. ஒருவன் இருக்கும் அறையில் மற்றவன் கால் வைக்க மாட்டான்.

ஒரே அறையில்தானே?

மார்ச் 6, புதன்

வேலையிலிருந்து வரும் வழியில் கம்ப்யூட்டர் கடை. நீளமான கேபிள் மூன்று, அவை எல்லாம் வந்து சேர ஒரு சின்ன ஸ்விட்ச் பெட்டி.

யோசனை இதுதான். அண்ணனும் தம்பியும் அந்தப் பழைய கார் பந்தய விளையாட்டை இன்னும் விடவில்லை. ஆளுக்கொரு கேம் பெட்டி, ஒரே மாடல், ஒரே டிஸ்க். என்னிடமும் ஒன்று இருக்கிறது. நான் தினமும் ஓட்டுவது இரண்டு பேருக்கும் தெரியாது. மூன்றையும் கேபிளில் இணைத்தால் ஆளுக்கொரு டிவி, ஆளுக்கொரு அறை, ஆனால் எல்லோரும் ஓடுவது ஒரே பாதையில். முகத்தைப் பார்க்கவே வேண்டாம்.

"வைஃபை காலத்துல கேபிளா மேடம்? ஆளு அனுப்பட்டுமா?" என்றார் கடைக்காரர்.

"பெட்டிங்க பழசு. நானே போட்டுக்குவேன்." கொஞ்சம் திமிராகத்தான் சொன்னேன். பிறகு வீட்டுக்கு வந்து, எந்த முனையை எதில் சொருகுவது என்று தேடிப் படித்தேன்.

மார்ச் 10, ஞாயிறு

அண்ணன் முறை. தூண்டில் போட்டேன். "வளைவுல எல்லாம் இப்ப நீ பிரேக் போடுறியாம். தம்பி சொன்னான்." தம்பி அப்படி ஒன்றும் சொல்லவில்லை, பாவம்.

அண்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது. "அவனா சொன்னான்? வரச் சொல்லு. ஆனா அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்."

"முழிக்க வேணாம். நீ ஹால்ல, அவன் அப்பா ரூம்ல, நான் என் ரூம்ல."

"நீ எதுக்கு, வாலு? உனக்கு ஜாய்ஸ்டிக்கச் சொருகத் தெரியுமா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

வாலு, அவன் எனக்கு வைத்த பட்டப்பெயர். ஜாய்ஸ்டிக் வேறு கதை. சின்ன வயதில் இரண்டு பேரும் சேர்ந்து, சொருகாத ஜாய்ஸ்டிக்கை என் கையில் கொடுத்து "நீதான் அந்தச் சிவப்பு கார்" என்பார்கள். திரையில் ஓடும் ஏதோ ஒரு சிவப்பு காருக்காக நான் உடம்பை வளைத்து நெளித்து ஓட்டுவேன். ஒரு கோடை விடுமுறை முழுக்க ஏமாந்தேன். அதில் மட்டும் அவர்களுக்குள் அப்படி ஒரு ஒற்றுமை!

அண்ணன் சாயங்காலமே தன் கேம் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

மார்ச் 17, ஞாயிறு

தம்பிக்கும் அதே மருந்து. "அக்கா, அவன் என்னைப் பத்திப் பேசினானா?" கோபமாகக் கேட்டானா, ஆசையாகக் கேட்டானா, தெரியவில்லை. அவன் பெட்டியும் வந்துவிட்டது.

மார்ச் 19, செவ்வாய்

சுவரோரமாகக் கேபிள் இழுத்து, கதவிடுக்கு வழியாக விட்டு, அப்பா தடுக்கி விழாமல் டேப் ஒட்டி — முதுகு விட்டுப்போச்சு. மூன்று பெட்டியையும் போட்டால், அண்ணன் பெட்டி திரையில் தெரியும்போது தம்பி பெட்டியைக் காணோம். தம்பி பெட்டி வந்தால் அண்ணன் பெட்டி ஓடிப்போகுது. பெட்டிக்குமா ரோஷம்? ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வந்து நிக்கும்போது இது இப்படியே இருந்தா? மறுபடி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கூப்பிடுவேன்?

மார்ச் 21, வியாழன்

கண்டுபிடிச்சுட்டேன்!

நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறையில்தான் புரிந்தது. ஒரு நோயாளிக்கு எத்தனை படம் எடுத்தாலும் எல்லாவற்றிலும் ஒரே எண் போட வேண்டும். ஒன்று மாறினாலும் டாக்டர் என்னைத் தொலைத்துவிடுவார். அந்தக் கைப்பழக்கத்தில், அண்ணன் பெட்டிக்கும் தம்பி பெட்டிக்கும் அடையாள எண்ணை அச்சு மாறாமல் ஒன்றாகவே போட்டிருக்கிறேன்! ஒரே கதவு எண்ணில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? தம்பி பெட்டிக்குக் கடைசி எண்ணை மாற்றினேன். மூன்றும் வரிசையாகத் திரையில் வந்து நின்றன. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்ன புரியுதோ இல்லையோ, நல்லா இருக்கு" என்றார். எனக்கு இன்று கால் தரையில் இல்லை.

மார்ச் 24, ஞாயிறு

தம்பி முன்வாசல் வழியாக வந்தான், அண்ணன் பின்வாசல் வழியாக. கதவுகள் சாத்தப்பட்டன. முதல் சுற்றில் வீட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அப்பா மட்டும் அறை அறையாக நடந்து பார்த்தார்.  இவ்வளவு செய்தும் மூன்று ஊமைகளைத்தான் கேபிளில் கட்டிப்போட்டிருக்கிறேனோ?

இரண்டாவது சுற்று. என் சிவப்பு கார் முன்னால்.

ஹாலில் இருந்து அண்ணன், யாரையும் கேட்காத மாதிரி: "யாருப்பா அது முன்னாடி போறது?"

 சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தம்பி: "நான் இல்ல. நீன்னு நெனச்சேன்."

"நான் இல்லடா!"

"அப்ப… அக்காவா?"

"வாலா? அவள விடாத! நீ வெளிப்பக்கம் மறி, நான் உள்ள பூந்துர்றேன்!"

"மறிச்சாச்சுண்ணா! வா, வா, வா!"

அந்த "அண்ணா" காதில் விழுந்ததும் எனக்குத் திரை மங்கிவிட்டது. அடுத்த வளைவில் சுவரில் மோதினேன். மூன்றாவது இடம். கடைசி என்றும் சொல்லலாம். என்னை வீழ்த்த இரண்டு பேர் சேர வேண்டியிருந்தது என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன், எல்லோரிடமும்.

மார்ச் 31, ஞாயிறு

முறையெல்லாம் போய்விட்டது. தம்பி அப்பா அறை டிவியையும் தன் பெட்டியையும் ஹாலுக்கே தூக்கி வந்துவிட்டான். "அங்கேருந்து கத்தினா தொண்டை வலிக்குது" என்றான். இரண்டு பேரும் ஒரே சோபாவில். நான் என் அறையிலிருந்து வரிசையாக மூன்று பந்தயம் ஜெயித்தேன்.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், அடுத்த பந்தயத்தில் என் கார் இல்லை. ஹாலுக்குப் போனேன். ஸ்விட்ச் பெட்டியில் என் கேபிள் மட்டும் பிடுங்கிக் கிடந்தது.

"யாருடா பண்ணது?"

"சத்தியமா தம்பி இல்ல" என்றான் அண்ணன்.

"அண்ணன் இந்த இடத்த விட்டே எந்திரிக்கலக்கா" என்றான் தம்பி.

அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். பேப்பர் குலுங்கியது.

கேபிளை மறுபடி சொருகினேன். இந்த முறை அதற்கும் டேப் ஒட்டிவிட்டேன்.