நாகர்கோவில் பொண்ணு

அக்கா, இன்று கூடுவாஞ்சேரியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றேன். லேமினேஷன் மெஷினிலிருந்து சூடான பிளாஸ்டிக் வாசனை வந்தது. உங்கள் துப்பட்டாவில் எப்போதும் இருந்த வாசனை. கடைக்காரர் இரண்டு முறை "என்ன வேணும்?" என்று கேட்ட பிறகுதான் கையிலிருந்த தாளை நீட்டினேன்.

மேற்குத் தாம்பரத்துக் கடையில் நீங்கள் ஜெராக்ஸ், நான் டைப்பிங். யாழ்ப்பாணம் என்று சொன்னதுமே மூன்று வீட்டுக்காரர்கள் என்னை வாசலோடு அனுப்பியிருந்தார்கள். ஊரப்பாக்கத்தில் நான்காவது வீட்டில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டீர்கள். "நாகர்கோவில் பொண்ணு சார்." என் பேச்சின் இழுப்பைக் கேட்டு அவரும் நம்பிவிட்டார். போலீஸ் பதிவில் நான் அகதி, வாடகை வீட்டில் நாகர்கோவில்காரி. அதற்குப் பிறகு என் நாக்குக்குக் காவல் நீங்கள்தான். "ஓம்னு சொல்லாதடி. இன்னா, கோயில்ல மந்திரமா சொல்ற? ஆமான்னு சொல்லு!"

அந்த வருஷம்தான் ஒற்றை ஆளாக மேடையேற ஒரு நாடகம் எழுதினேன். படகில் வந்த ஒரு பெண் வீடு வீடாக மாறிக்கொண்டே இருக்கும் கதை. எல்லா வேடமும் நானே. நோட்டீஸ் அடித்துக் கொடுத்ததே நீங்கள்தான். அதைப் பார்த்து வீட்டுக்காரர் குடும்பத்தோடு வருவதாகச் சொன்னதும் நீங்கள் பயந்துவிட்டீர்கள். "உன் பேச்சுல பேசினா மாட்டிக்குவ. யாரோ கதை மாதிரி எங்க பேச்சுல நடிச்சுட்டு வா. உனக்கு வூடு வேணுமா, நாடகம் வேணுமா?" என்று கடையிலேயே சண்டை போட்டீர்கள். நானும் பயந்து இரண்டு வாரம் அப்படியே ஒத்திகை பார்த்தேன். கரையில் மகளை அனுப்பும் அம்மா சென்னைத் தமிழில் அழுதபோது எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. ஒரு வீட்டுக்காக என் அம்மாவின் வாயையும் மாற்ற வேண்டுமா?

தாம்பரத்தில் ஒரு பள்ளி அரங்கு. மேடையில் வெளிச்சம் விழுந்தது. "ஓம் பிள்ளை, நான் பிறகு வாறன். நீ கெதியா ஏறு" என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வரிசையில், வீட்டுக்காரர் குடும்பத்துக்குப் பக்கத்தில், நீங்கள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டது மேடையிலிருந்தே தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. முடிந்ததும் வீட்டுக்காரர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் அவர், "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. ஒரு மாசத்துல வீட்டைக் காலி பண்ணிடு" என்றார்.

'அப்பவே சொன்னேன்ல' என்று சொல்வீர்கள் எனக் காத்திருந்தேன். நீங்களோ ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் "கெளம்பு" என்றீர்கள். வண்டலூரில் முதல் வீட்டில் பழைய பொய்யைத்தான் எடுத்துவிடப் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

"சிலோன் பொண்ணு சார். மேடையில நல்லா நடிக்கும். உங்க வூட்ல நடிக்காது."

கதவு சாத்தப்பட்டது. உங்களைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, வெட்கப்பட்டு நின்றுவிட்டேன். அடுத்த வாசலிலும் அதையே சொன்னீர்கள், அதற்கடுத்த வாசலிலும். எத்தனை வீடு ஏறினோம் என்று நினைவில்லை. சாயங்காலத்துக்குள் ஒரு வீடு கிடைத்தது.

நீங்கள் கண்மூடி இரண்டு வருஷம் ஆகிறது. நாடகத்தை நான் விடவில்லை. அதில் வரும் அம்மா இன்னும் எங்கள் ஊர்ப் பேச்சில்தான் அழுகிறார். வீடும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. எந்த வாசலில் நின்றாலும், அவர்கள் கேட்பதற்கு முன்பே "சிலோன் பொண்ணு சார்" என்று நானே சொல்லிவிடுகிறேன். அது மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சில் வருவதில்லை, அக்கா. உங்கள் தாம்பரத்துப் பேச்சில்தான் வருகிறது.