சத்தமே இல்லாத இன்ஜின்

திருமுல்லைவாயல்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மதிவதனிக்கு உன் அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ஜெகதீஷும் நலமாக இருக்க மாங்காட்டு அம்மனை வேண்டிக்கொள்கிறேன். நலம் என்று எழுதினேனே, அதில் ஒரு பொய் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைப்பாய். மாடி வீட்டு ஸ்வாதியிடம் கொடுத்தால் போட்டோ எடுத்து ஒரு நொடியில் உனக்கு அனுப்பிவிடும், ஆனால் அந்தப் பெண் படித்துவிட்டால் நாளைக்கு மாடிப்படியில் எப்படி அதன் முகத்தைப் பார்ப்பது, அதனால் தபாலில் போடலாம் என்று இருக்கிறேன். உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒன்றைக் கேட்கவும் வேண்டும். நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டாயிற்று. ஞானசேகரன் வண்டி வாங்கிய கதையைச் சொன்னால்தான் இரண்டும் உனக்குப் புரியும், அவசரப்படாமல் உட்கார்ந்து படி.

ஞானசேகரனை மறந்திருக்க மாட்டாய், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் என்னோடு வேலை பார்த்தவன், உன் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தானே அவன்தான். அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒரு பழைய பிக்கப் எடுத்துக் கோயம்பேட்டிலிருந்து வேப்பம்பட்டுக் கடைகளுக்குக் காய்கறி ஏற்றலாம் என்று முடிவு செய்தான், அவனுக்கும் அவன் சம்சாரம் நாகம்மாவுக்கும் இனிமேல் அந்த வண்டிதான் சோறு. நேராக என்னிடம் வந்தான். நீ பாத்து சரின்னு சொன்னா போதும்ணே, நான் கண்ண மூடினு எடுத்துக்கறேன் என்றான். உனக்குத்தான் தெரியுமே, பாடியில் லாரி ரிப்பேர் ஷெட்டில் பத்து வருஷம் இருந்தவன் என்று இந்தப் பக்கம் யார் பழைய வண்டி வாங்கினாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். உங்கம்மா போன பிறகு வாரத்தில் ஆறு நாள் இந்தக் கேட்டை யாரும் திறப்பதில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் யாராவது வந்து, வாண்ணே ஒரு வண்டி பாக்கணும் என்பார்கள். அதற்காக சனிக்கிழமை சாயங்காலமே சவரம் செய்து சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிடுவேன். யாரும் வராவிட்டாலும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பூந்தமல்லி பக்கம் பழைய வண்டி விற்கும் ஒரு யார்டு, பெயர் எதற்கு. நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணவே கூடாது என்று ஞானசேகரனை விட்டு முந்தின நாளே அங்கே கண்டிப்பாகச் சொல்ல வைத்துவிட்டேன். சூடான இன்ஜின் தன் வியாதியை மறைத்துக்கொள்ளும், காலையில் முதல் தடவை எழுப்பும்போதுதான் இருமும். போனதும் பானெட்டில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது, பரவாயில்லை யோக்கியமான இடம்தான் என்று நினைத்தேன். நாலு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தன, சேஸிஸில் ஒட்டுப் போட்ட வெல்டிங் இல்லை, ஆர்.சி. புக்கில் இருந்த நம்பரும் இன்ஜின் நம்பரும் ஒன்றாக இருந்தன. ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன், புகை வெள்ளையாகவும் வரவில்லை கறுப்பாகவும் வரவில்லை, ஆயில் மூடியைத் திறந்தேன், ஆவி அடிக்கவில்லை. கடைசியில் என் நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை இன்ஜின் மேல் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்தேன், டாக்டர் குழாய் வைத்துப் பார்ப்பதுபோல அதுதானே என் வழக்கம். ஒரு சத்தமும் இல்லை மதி. ஞானசேகரன் என்னவோ கேட்டான், நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, சத்தமே இல்லப்பா, இந்த மாதிரி இன்ஜின் கெடைக்காது, எடுத்துடு என்றேன். யார்டுக்காரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். நம் கைநேர்த்தியைப் பார்த்து அசந்துவிட்டான் என்று எனக்குப் பெருமை வேறு.

வண்டி எடுத்த பன்னிரண்டாம் நாள் தக்காளி ஏற்றிக்கொண்டு வேப்பம்பட்டு ஸ்டேஷனைத் தாண்டியதும் இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. நடுரோட்டிலிருந்து எனக்குப் போன் போட்டிருக்கிறான். என் காதில் விழுந்தது வெறும் இரைச்சல்தான், வண்டி நன்றாக ஓடுகிறது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, ரொம்ப சந்தோஷம்பா, நல்லா இரு என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடியும் போட்டான், மறுபடியும் அதையே சொன்னேன். சாயங்காலம் வீட்டுக்கே வந்து என் முகத்துக்கு நேராக நின்று கத்தினான், அது கேட்டது. இன்னாண்ணே, வண்டி பூட்ச்சுன்னு அழுவுறேன், சந்தோஷம்ன்ற, கிண்டலா கீதா உனக்கு என்றான். இன்ஜினை இறக்கிப் பார்த்த மெக்கானிக் சொன்னானாம், உள்ளே பேரிங் எப்பவோ பூட்ச்சி, டொக்கு டொக்குன்னு அடிச்சினு இருந்திருக்குமே, செவிடனுக்குக்கூட கேட்டிருக்குமே, எவன்யா இத்தப் பாத்து எடுத்துக் குடுத்தான் என்று. அதைவிட ஞானசேகரன் அடுத்துச் சொன்னதுதான் என்னைக் கொன்றுவிட்டது. எனக்கே கேட்டுச்சிண்ணே, உள்ள எவனோ கதவத் தட்ற மாதிரி கீதேன்னு அங்கியே உன்னக் கேட்டேன், நீதான் வெரலத் தூக்கிக் காட்ன, அண்ணனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போவுதுன்னு வாய மூடிகினேன் என்றான். தன் காதை நம்பாமல் என் காதை நம்பியிருக்கிறான் பாவி. சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது ஒப்புக்கொள்கிறேன். எனக்குக் காது கேட்கவில்லை மதி. இடது காது சுத்தமாகப் போய்விட்டது, வலது காதில் பாதிகூட மிச்சம் இல்லை. பிரஸ் மெஷின் பக்கத்தில் இருபத்தாறு வருஷம் நின்றவனுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம், ஆனால் நான் மட்டும் ஒத்துக்கொள்ளவே இல்லை. குக்கர் விசில் அடிக்கவில்லை என்று வாஷரை மூன்று தடவை மாற்றினேன், பருப்பு கரிந்ததுதான் மிச்சம். ஆவடி ரயிலெல்லாம் இப்போது சத்தமில்லாமல் போகிறதே, புது மாடலா என்று ஸ்வாதியிடம் கேட்டேன், அது என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டது. உங்கம்மா இருந்தவரைக்கும் எனக்குக் காது கேட்டது. நீ போனில் சொன்னதை ஒன்று விடாமல் எனக்குத் திருப்பிச் சொல்லுவாள், டிவியில் சொன்னதைச் சொல்லுவாள், யாரோ வந்துகீறாங்க பாரு என்று என்னைத் தள்ளிவிடுவாள், இந்தக் கன்னியம்மா ஏன்தான் இப்படி ஓயாமல் பேசுகிறாளோ என்று நான் சலித்துக்கொள்வேன். அவள்தான் என் காது என்று அவள் போய் இரண்டு வருஷம் கழித்து இப்போது உறைக்கிறது. இதை யாரிடமும் சொல்லாததற்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை, செவிடன் என்று தெரிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட யார் வருவார்கள் என்ற பயம்தான். இந்த வீட்டில் என் குரலை விட்டால் வேறு குரல் கிடையாது, அதுவும் எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. ரொம்பத் தனியாக இருக்கிறேன் கண்ணு, உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் பட்டாபிராமில் ஞானசேகரன் வீட்டுக்குப் போய் அவனிடம் நாகம்மா எதிரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நாகம்மா கொண்டுவந்த டீ டம்ளரை வைத்த வேகத்தில் பாதி டீ தரையில் சிந்தியது. அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், தோளில் என்னவோ குத்துகிறது, திரும்பினால் ஜன்னல் கம்பி வழியாக ஒட்டடைக் குச்சியை நீட்டிக்கொண்டு ஞானசேகரன் நிற்கிறான், அரை மணி நேரமாகக் கேட்டைத் தட்டினானாம். வா, புதுப்பேட்டைக்குப் போயி வேற இன்ஜின் பாக்கணும், நீ கண்ணால பாரு, நான் காதால கேக்கறேன் என்றான். போனோம். ஸ்க்ரூடிரைவரை அவன் காதில் வைத்துக்கொண்டு, இங்க கரகரங்குது, இங்க சீட்டி அடிக்குது என்று என் வலது காதில் கத்துவான், நான் உள்ளங்கையை இன்ஜின் மேல் வைத்து நடுக்கம் சீராக வருகிறதா என்று பார்ப்பேன். மூன்றை வேண்டாம் என்று தள்ளிவிட்டு நாலாவதை எடுத்தோம், மாட்டி ஒரு வாரமாக ஓடுகிறது. செலவை எங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டோம். அவன் இன்னும் பழைய மாதிரி என்னோடு சிரித்துப் பேசுவதில்லை, நாளாகும்.

இப்போது உன்னைக் கேட்க வேண்டியது. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் வீடியோவில் கூப்பிட்டாயே, மாப்பிள்ளை பக்கத்தில் இல்லை, நீ ரொம்ப நேரம் மெதுவான குரலில் பேசினாய். எனக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை, வழக்கம்போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பேசி முடித்து என் முகத்தையே பார்த்தாய், ஏதோ பதில் எதிர்பார்க்கிறாய் என்று தெரிந்தது, நான் சிரித்துக்கொண்டே, ரொம்ப சந்தோஷம்மா, நல்லா இரு என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அன்றிலிருந்து காலை வணக்கப் படம் மட்டும்தான் வருகிறது, வேலை அதிகம் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஞானசேகரன் வாசலில் நின்று, அழுவுறேன் சந்தோஷம்ன்ற என்று கத்தினபோதுதான் அன்றைக்குப் பார்த்த உன் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அன்று என்ன சொன்னாய் மதி? உடம்புக்கு ஏதாவதா, வேலை போய்விட்டதா, மாப்பிள்ளையோடு மனஸ்தாபமா, இங்கே வந்துவிடவா என்று கேட்டாயா? வரவா என்று கேட்டவளிடமா நான் அங்கேயே நல்லா இரு என்று சொன்னேன்? எதுவாக இருந்தாலும் நான் சொன்னது உனக்குப் பதில் இல்லை, அது காது கேட்காதவன் எல்லோருக்கும் சொல்வது. இன்னொரு தடவை சொல்லு, எழுத்தில் சொல்லு, கண் எனக்கு நன்றாகத் தெரிகிறது.

வியாழக்கிழமை ஞானசேகரன் என்னை அம்பத்தூரில் காது டாக்டரிடம் கூட்டிப் போகிறான், கவலைப்படாதே. மாப்பிள்ளை பழைய கார் பார்ப்பதாக ஒரு தடவை சொன்ன மாதிரி இருந்தது, அதுவும் சரியாகக் கேட்டதோ என்னவோ, பார்ப்பதாக இருந்தால் முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்க்கச் சொல், சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடச் சொல். நீயும் கூடப் போ, உன் காதுக்கு ஏதாவது தப்பாகப் பட்டால் யார் சரி என்று சொன்னாலும் வாயை மூடிக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நிறைவாக வாழ அப்பாவின் ஆசீர்வாதம், உங்கம்மாவுடையதும் சேர்த்து.

எழுதி முடித்ததும் மனசு மாறிவிட்டது. தபால் போய்ச் சேரப் பதினைந்து நாள் ஆகும், அவ்வளவு நாள் என்னால் தாங்க முடியாது, ஸ்வாதி படித்தால் படிக்கட்டும், இதோ மாடிக்குப் போகிறேன். நீ எந்த நேரத்தில் பதில் போட்டாலும் போடு. மணி அடித்தால் எனக்குக் கேட்காது என்று போனைச் சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்திருக்கிறேன், அது அதிர்ந்தால் எனக்குத் தெரியும்.

உன் அப்பா,
துலுக்கானம்