தேசிக்காய்த் தோலின் மணம்

என் அன்பு அம்மாவுக்கு,

உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். இவ்வளவு பிந்திச் சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். நல்ல நிறை, நல்ல குரல், உங்கள் மூக்கு. அவள் அழத் தொடங்கினால் துறைமுகத்தில் கப்பல் ஊதுவது கேட்காது என்று இவர் சொல்லிச் சிரிக்கிறார். இழுவைப் படகில் வேலை செய்கிறவர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்.

பிந்தியதற்குக் காரணம் இருக்கிறது, அம்மா. எனக்கு அவள்மேல் ஒன்றுமே வரவில்லை. வெறுப்பு என்றும் சொல்ல முடியாது. பால் கொடுத்தேன், துணி மாற்றினேன். யாரோ பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கையில் தந்துவிட்டுப் போன பிள்ளை மாதிரி இருந்தது. உரியவர்கள் எப்போது வந்து கொண்டுபோவார்கள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். என்ன பெயர் வைப்போம் என்று இவர் கேட்டபோது, எதையாவது வையுங்கோ என்றேன். அவருடைய முகம் போன போக்கை இன்னும் மறக்க முடியவில்லை.

நான் வயிற்றுப் பிள்ளையோடு இருந்தபோதுதானே நீங்கள் போனீர்கள். பிள்ளைத்தாய்ச்சி அழக்கூடாது என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அழவில்லை. நடுவீட்டில் உங்கள் பெட்டி, தலைமாட்டில் மெழுகுதிரி, வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை. நான் கதிரையில் இருந்து, வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக இவருடைய அக்கா, ராணி மச்சாள், மூதூரிலிருந்து வந்தார். வந்த அன்றே குசினியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். பத்தியக் கறிக்குக் காயச்சரக்கு அரைத்தார், நொச்சி இலை போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்து வார்த்தார். பின்னேரமானால் தணல் சட்டியில் சாம்பிராணி போட்டு என் தலைமயிரைக் காயவைப்பார், பிள்ளையையும் புகையில் ஒருதரம் காட்டி எடுப்பார். குளிர் படக்கூடாதென்று யன்னல் சாத்தியே இருக்கும். நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் இதைத்தானே செய்திருப்பீர்கள்?

ஆனால் அந்தத் தணல் சட்டி அறைக்குள் வந்தாலே எனக்கு நெஞ்சை அடைத்தது. சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவேன். கண்ணூறு நாவூறு பட்டுவிட்டது என்று மச்சாள் நினைத்துக்கொண்டார். நான் வாடிப்போகப் போக அவர் இன்னும் ஒரு பிடி சாம்பிராணி கூடப் போட்டார். பாவம், அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே.

பிள்ளையை நிறுக்க வந்த மருத்துவமாதுதான் கண்டுபிடித்தார். தராசை ஒரு பக்கம் வைத்துவிட்டு என் கட்டிலில் வந்து இருந்தார்.

“பிள்ளை வடிவா இருக்கிறா. நீங்கள் எப்பிடி இருக்கிறீங்கள்?”

“இருக்கிறன், மிஸ்.”

“செத்துப்போனால் நல்லமெண்டு எப்பவாவது நினைச்சனீங்களோ?”

நான் சுவர்ப்பக்கம் திரும்பினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நாளைக்கே கிளினிக்குக்குப் போவம். நானும் வாறன்” என்றார்.

கிளினிக்கில் ஒரு தாதி கதவைத் திறந்து, “பிள்ளைட அம்மா உள்ள வாங்கோ” என்று கூப்பிட்டார். யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். மச்சாள் என் முழங்கையில் இடித்து, “உன்னைத்தான்” என்றார். பிள்ளையை மச்சாளின் மடியில் விட்டுவிட்டுப் போனேன்.

டொக்டர் பொறுமையாகக் கேட்டார். பிள்ளை பெற்ற பலருக்கு வருகிற வருத்தம் இது, என் குணக்கேடு இல்லை என்று விளங்கப்படுத்தி, பால் கொடுக்கிறவர்களுக்கு ஏற்ற குளிசை எழுதித் தந்தார். பிறகு அந்தத் தாதி என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போனார். மேசையில் சின்னச் சின்னப் போத்தல்களில் வாசனை எண்ணெய், மனத்தை ஆற்றுமாம். இதென்ன கூத்து என்றுதான் நினைத்தேன்.

“கண்ணை மூடுங்கோ. பஞ்சில ஒரு துளிதான். பிடிச்சால் ஓம் எண்டு சொல்லுங்கோ.”

முதலில் லாவெண்டராம். விலைகூடிய சவர்க்காரக் கடைக்குள் போனது போல இருந்தது, தலையை ஆட்டிவிட்டேன். அடுத்தது ஏதோ பூ. அதுவும் வேண்டாம். அதற்கடுத்த பஞ்சு எலுமிச்சையாம், எங்கள் தேசிக்காய்.

அம்மா, நீங்கள் வந்துவிட்டீர்கள்.

கடற்கரையில் நெத்தலி காயப்போட்டுவிட்டு நீங்கள் வருவீர்கள். நான் ஓடிவந்து காலைக் கட்டுவேன். “பொறு மகள், அம்மாட கை நாறுது” என்பீர்கள். பிழிந்த தேசிக்காய்த் தோலை எடுத்து விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் என்னைத் தூக்குவீர்கள். அந்த மணம் வந்தால் அடுத்து நான் உங்கள் இடுப்பில் இருப்பேன். உங்களை அடக்கம் செய்த அன்று வராத அழுகையை எல்லாம் அந்த மேசையில் தலையை வைத்து அழுதேன். தாதி அவசரப்படுத்தவில்லை.

அழுது ஓய்ந்த பிறகு, “எந்த மணம் உங்களுக்கு ஏலாது?” என்று கேட்டார். சாம்பிராணி என்று என் வாய் சொன்னது. சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. ஒவ்வொரு பின்னேரமும் நான் உங்கள் செத்தவீட்டுக்குள் படுத்திருந்திருக்கிறேன்.

“எண்ணெய் துணைக்குத்தான், குளிசையை நிப்பாட்டக் கூடாது. பிள்ளைட முகத்துக்குக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம்” என்று சொல்லித்தான் தாதி அனுப்பினார். ஆனால் இதை மச்சாளிடம் எப்படிச் சொல்வது? தன் வீட்டையும் விட்டுவிட்டு வந்து எனக்குத் தண்ணீர் வார்க்கிறவர். அதுவும் தேசிக்காய் புளி, குளிர், பிள்ளை பெற்றவளின் அறைக்குள் வரவே கூடாது என்கிறவர்.

பின்னேரம் தணல் சட்டியோடு வந்தார். “எனக்கு ஏலாது, மச்சாள்” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைமேல் ஒன்றும் வரவில்லை என்பதையும் சொன்னேன். மச்சாள் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். வளவில் தணலுக்குத் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, சாத்தியிருந்த யன்னலைத் திறந்தார். என் கையில் பாதித் தேசிக்காயை வைத்தார்.

“தின்னக் கூடாதெண்டுதானே சொன்னவை. மணக்கக் கூடாதெண்டு ஆரும் சொன்னவையோ?”

எனக்குச் சிரிப்பு வந்தது. கனகாலத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. மச்சாள் சிரிக்கவில்லை. “எனக்கும் மூத்தவன் பிறந்த நேரம் இப்பிடித்தான் இருந்தது. பேய் பிடிச்சதெண்டு சொல்லிப்போட்டினம். நான் வாய் திறக்கேல்லை” என்றார். அவரை என்னருகில் இருத்தி, தேசிக்காயை அவருடைய மூக்கிலும் பிடித்தேன்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிட்டது என்று உங்களுக்குப் பொய் எழுத மாட்டேன். குளிசை போடுகிறேன், கிளினிக்குக்குப் போகிறேன். சில காலைகள் இன்னும் பாரம்தான். ஆனால் போன கிழமை பிள்ளை அழுதபோது, மச்சாள் எழும்ப முன்னர் நான் எழும்பிவிட்டேன். வாசலைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தேன்.

வருகிற ஞாயிறு ஞானஸ்நானம். கோயிலில் சாம்பிராணி மணம் இருக்கும். என்னால் தாங்க முடியுமா? தெரியவில்லை. உங்களுக்குத் தெரியுமா, அம்மா?

எனக்கு மீன் வேலை இல்லை, என் கை நாறுவதும் இல்லை. என்றாலும் ஒரு வாக்குத் தருகிறேன். அவள் வளர்ந்து ஓடிவந்து என் காலைக் கட்டும்போது, பொறு மகள் என்று சொல்லி, தேசிக்காய்த் தோலில் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தூக்குவேன். அந்த மணம் வந்தால் அடுத்து அம்மா தூக்குவாள் என்று அவளுக்கும் தெரியட்டும்.

பெயரும் நான்தான் வைத்தேன். கீழே பாருங்கள்.

உங்கள் மகள் றெஜினா,
அமலியின் அம்மா.