மஞ்சள் நூல் கட்டிய பூக்கள்

சேலைக்கு ஃபால்ஸ் தைக்கலாம் என்று இன்று காலை ஊசி டப்பாவைத் திறந்தேன். அடியில் ஒரு சாண் மஞ்சள் எம்பிராய்டரி நூல் கிடந்தது, ஒரு முனையில் நீங்கள் போட்ட சுருக்கோடு. என் முடிச்சு இழுத்தால் இறுகும். உங்களுடையது இழுத்தால் அவிழும். பூக்காம்பு நெரியக் கூடாது என்பதற்காகப் போட்ட முடிச்சு அது.

தொண்ணூறுகளின் நடுவில், கல்லிடைக்குறிச்சியில் நமக்கு அடுத்தடுத்த வீடு. ஆற்றுப் பாலம் தாண்டி ஒரே பள்ளியில் வேலை. நீங்கள் தையல் டீச்சர், நான் அறிவியல். ஒரு தலையணை உறையில் அடுக்குச் செம்பருத்தி ஒன்று தைத்திருந்தீர்கள். மஞ்சள் இதழ், நடுவில் சிவப்பு. இப்படி ஒரு பூவை யாரும் பார்த்ததில்லை என்று ஆசிரியர் அறையில் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. அதை உண்டாக்க முடியுமா என்று என்னிடம் கேட்டீர்கள். மகரந்தச் சேர்க்கையை ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்தவள் நான். கையால் ஒரு தடவைகூடச் செய்ததில்லை. முடியும் என்று சொல்லிவிட்டேன்.

உங்கள் வாசலில் சிவப்பு அடுக்குச் செம்பருத்தி ஏற்கெனவே இருந்தது. ஒற்றை மஞ்சளுக்குப் பாபநாசத்தில் என் சித்தி வீட்டிலிருந்து குச்சி வாங்கி வந்து என் வாசலில் வைத்தோம். அது பூக்கும்வரை காத்திருந்தோம். அடுக்குப் பூ வேண்டுமானால் தாய்ச்செடியும் அடுக்காக இருக்க வேண்டும் என்பது என் தீர்மானம். தை மாதம், மழை ஓய்ந்த பிறகு, பள்ளிக்குக் கிளம்புமுன் மஞ்சள் பூவின் மகரந்தப் பொடியை அடுக்குப் பூவின் சூல்முடியில் தொட்டு வைப்பேன். நீங்கள் காம்பில் நூல் கட்டுவீர்கள். மூன்றாம் நாள் காம்பு நூலோடு கீழே கிடக்கும். பதினொரு பூ அப்படி உதிர்ந்தது.

பதினொன்றாவது உதிர்ந்த அன்றைக்குத்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன். "இது மலட்டுச் செடி டீச்சர். வெட்டிப் போட்டுட்டு வேற வைப்போம்."

உங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருடம். பிள்ளை இல்லை. எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் பாடப் புத்தகத்தில் இருந்த சொல், நாக்கில் தயாராக இருந்தது. நீங்கள் நூலைக் கண்டில் சுற்றி முடித்துவிட்டுத்தான் பேசினீர்கள். "காய்க்கலேன்னு சொல்லுங்க டீச்சர். நடந்தது அவ்வளவுதான்."

அதன்பின் ஒரு வாரம் மதியச் சாப்பாட்டை வகுப்பறையிலேயே முடித்துக்கொண்டீர்கள். நானும் கூப்பிடவில்லை.

எட்டாம் நாள் காலை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் குரல் வந்தது. "டீச்சர், இங்கன வாங்க. பொடி இருக்குல்லா." அடுக்குப் பூவின் மடிப்புகளை ஊசியால் பைய விலக்கிக் காட்டினீர்கள். உள்ளே நாலைந்து மணி மஞ்சள் பொடி. அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்கள் பெரும்பாலும் இதழாக மாறிவிடும், மிச்சம் உயிரோடு இருக்கக்கூடும் என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கணக்கில் தோற்றவளைத் தமிழில் எத்தனை மதிப்பெண் என்று கேட்காமலே பள்ளியை விட்டு அனுப்புவதுபோல, அந்தச் செடியை வெட்டப் பார்த்திருக்கிறேன்.

மாற்றிச் செய்தோம். ஒற்றை மஞ்சள் தாய். விடியலில் அதன் மகரந்தத் தாள்களை எல்லாம் உங்கள் சின்னக் கத்தரியால் நறுக்கி எடுத்துவிட்டு, சிவப்பின் பொடியை வைத்தோம். ஒன்பது பூ, ஒன்பது நூல். எதிர்வீட்டு மதினி தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்தார்கள். "எந்தக் கோயிலுக்கு நேந்துருக்கிய டீச்சர்?"

நான் தரையைப் பார்த்தேன். நீங்கள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தீர்கள். "எனக்கில்ல மதினி, செடிக்கு. காய்ச்சா மொத விதை உங்களுக்குத்தான்."

மறுநாள் எண்ணியபோது செடியில் ஒரு நூல் கூடுதலாக இருந்தது. மஞ்சள் தேய்த்த வெள்ளை நூல், நாம் தொடாத ஒரு பூவில். மதினியின் மகளுக்கும் அப்போது பிள்ளை இல்லை. நான் அவிழ்க்கப் போனேன். இருக்கட்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

ஒன்பதில் இரண்டு காய்த்தன. பங்குனியில் காய் பழுப்பாகி வெடித்தது. சொன்னபடி மதினிக்கு ஒரு விதை போனது. மற்றவற்றின் தோலை ஊசியால் கீறி, ஊறவைத்து, ஆனிச் சாரலில் போட்டோம். அடுத்த ஆண்டு சாரலில் முதல் பூ விரிந்தது. மஞ்சள் இதழ், நடுவில் சிவப்பு. ஆனால் அடுக்கு இல்லை, ஒற்றை. நீங்கள் தலையணை உறையைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். "பாதி கிடைச்சிட்டு" என்றீர்கள்.

நான் அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்கவே இல்லை. நீங்களும் அதை மறுபடி எடுக்கவில்லை. ஓய்வு பெறும்வரை வகுப்பில் அந்தப் பாடம் வரும்போதெல்லாம் புத்தகத்தில் இருந்த சொல்லைத் தாண்டி, 'காய்க்கவில்லை' என்றே எழுதிப் போட்டேன். ஏன் என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது.

நேற்று உங்கள் வீட்டில் இப்போது குடியிருக்கும் பெண், தொட்டியில் வைத்திருக்கும் ரோஸ் அடுக்குச் செம்பருத்தியைக் காட்டி, "இது மலடா டீச்சர்?" என்று கேட்டாள்.

"இன்னும் காய்க்கல, அவ்வளவுதான்" என்றேன். "இதோட பொடிய வேற பூவுல வச்சுப் பாப்போம்."

நாளைக் காலை என் ஒற்றை மஞ்சளில் மூன்று மொட்டு விரியும். நூல் ஒரு சாண்தான் இருக்கிறது. மூன்று பூவுக்குக் காணும்.