மேனோஸ் ஊற்றிய பிறகும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஆய்வகக் கூட்டத்தில் என் புரதத்தைப் பற்றிப் பேசினேன்.

எச்.ஐ.வி. தன் மேலெல்லாம் சர்க்கரையைப் போர்த்திக்கொண்டு திரிகிறது. அதுவும் நம் உடம்பே செய்துகொடுத்த சர்க்கரை. அதனால்தான் உடம்பின் காவலுக்கு அது லேசில் அகப்படுவதில்லை. குளத்துப் பாசியிலிருந்து நான் பிரித்த புரதம் அந்தச் சர்க்கரையைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட வைரஸால் செல்லுக்குள் நுழைய முடியவில்லை. வரைபடத்தைக் காட்டியதும் முதலில் கைதட்டியவள் ரேடியோ. பக்கத்து மேசைக்காரி, வாய் ஓயாததால் அந்தப் பெயர். கூடப் பிறக்கவில்லை, ஆனாலும் என் மகளுக்கு அவள்தான் சித்தி.

ஆய்வகத் தலைவி மேடம் எளிதில் யாரையும் பாராட்டுகிறவர் அல்ல. "உன் ஒப்பந்தத்த நீட்டிக்கிறதப் பத்திப் பேசலாம்" என்றார்.

"பின்னிட்டடி!" என்று ரேடியோ என் தோளை உலுக்கினாள்.

மார்ச் 7, வெள்ளி

கூட்டத்தில் ஒருவர் கேட்டது மனதிலேயே நிற்கிறது. "சர்க்கரையத்தான் பிடிக்குதுன்னு என்ன நிச்சயம்?"

நியாயமான கேள்வி. காட்டுவதும் சுலபம். வைரஸின் மேல் அதிகம் இருப்பது மேனோஸ் என்ற சர்க்கரை. செல்களும் வைரஸும் புரதமும் இருக்கும் கிண்ணத்தில் நிறைய மேனோஸை ஊற்றினால் புரதம் அதைப் பிடித்துக்கொண்டு வைரஸை விட்டுவிடும். நாங்கள் பயன்படுத்துவது ஆபத்தில்லாத போலி வைரஸ், சட்டை மட்டும்தான் எச்.ஐ.வி.யுடையது. அது நுழைந்த செல் ஒளிரும். ஆகவே மேனோஸ் ஊற்றினால் ஒளி திரும்ப வேண்டும்.

இன்றே சோதனையைப் போட்டுவிட்டேன்.

மார்ச் 10, திங்கள்

ஒளி திரும்பவில்லை.

அளவில் தவறிவிட்டேனா? மேனோஸை இரண்டு மடங்காக்கி மறுபடி போட்டிருக்கிறேன்.

மார்ச் 12, புதன்

இன்றும் இல்லை. கிண்ணம் இருட்டாகவே கிடக்கிறது. வைரஸைத் தடுப்பது எதுவோ, அது மேனோஸைச் சட்டையே செய்யவில்லை. அப்படியானால் என் புரதம்தானா அது?

ரேடியோவிடம் புலம்பினேன். "விடேன்டி. உன் புரதம் உடும்புப் பிடியாப் பிடிக்குது போல. நல்லதுதானே?" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். பேச ஆரம்பித்தால் நிறுத்தாதவள் அதோடு எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 15, சனி

புரதக் கரைசலை மெல்லிய சவ்வு வழியாக வடிகட்டிப் பார்த்தேன். புரதம் பெரியது, மேலே தங்கிவிடும். சின்ன மூலக்கூறுகள் மட்டும் கீழே இறங்கும்.

கீழே இறங்கிய தண்ணீர்தான் வைரஸைத் தடுக்கிறது. மேலே தங்கிய என் புரதம் ஏதோ கொஞ்சம் தடுக்கிறது, அவ்வளவுதான்.

யாரோ மருந்தைக் கலந்திருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எங்கள் உறைபெட்டியில் எச்.ஐ.வி. மருந்து எப்போதும் இருக்கும்; அதுவும் சின்ன மூலக்கூறுதான். மகளுக்குக் காய்ச்சல் என்று நான் வீட்டில் கிடந்த வாரம், புரதத்தைச் சின்னக் குழாய்களில் பிரித்து வைத்தது —

வேண்டாம். அவளைக் கேட்காமல் எழுதக் கூடாது.

மார்ச் 17, திங்கள்

கேட்டுவிட்டேன். பாத்திரம் கழுவும் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு.

மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை.

"ஆமா, நான்தான். ஒப்பந்தம் நீட்டிக்கிற லிஸ்ட்லேர்ந்து உன் பேர மேடம் அடிச்சிட்டாங்கடி. நானே பாத்தேன். ஒரு தடவ நல்லா வந்தா உன்ன வச்சுப்பாங்கன்னு…"

"கூட்டத்துல அத்தன பேர் முன்னாடி பேசினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிடி சொல்லுவேன்? நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த."

"என்னால முடியும்னு உனக்குத் தோணவே இல்லையா?"

குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அதை மூடக்கூட இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வெளியே வரும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடத்துகிட்ட மட்டும் போகாத. ரெண்டு பேரும் தெருவுக்கு வந்துருவோம்."

கருணையாம்! தோற்பேன் என்று முடிவே கட்டிவிட்டு, எனக்குத் தெரியாமல் ஜெயிக்க வைத்தாளாம். அந்தக் கைதட்டலை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மார்ச் 18, செவ்வாய்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவள் பெயரைச் சொல்ல மட்டும் வாய் எழவே இல்லை. அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார்.

மார்ச் 20, வியாழன்

விசாரணை. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நாங்கள் இருவரும்.

ரேடியோ சொன்னாள்: "அவளுக்கும் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்ணினோம்."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்த தலையை அவள் நிமிர்த்தவில்லை. மருந்து கலந்ததற்காவது என் பேரில் ஒரு காரணம் இருந்தது. இதற்கு? பயந்துவிட்டாள், அவ்வளவுதான். பயம் வந்ததும் பிடித்துத் தள்ள நான் ஒருத்திதான் பக்கத்தில் இருந்தேன்.

"நானும் கூட்டுன்னா, சவ்வுல வடிகட்டி நானே ஏன் கண்டுபிடிக்கணும்?" என்று கேட்டேன். அழுதேனா, கத்தினேனா, தெரியவில்லை.

மேடம் கடைசியில் சொன்னார்: "யார் பொய் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியல. புதுசாப் புரதம் எடுத்து, என் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டு."

மார்ச் 23, ஞாயிறு

"சித்தி ஏம்மா வரல?"

"வேலையா இருக்காங்க."

ஏப்ரல் 9, புதன்

மேடம் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கலந்தது, ஊற்றியது எல்லாம் என் கை. இன்று ஒளியை அளந்தோம்.

புதுப் புரதம் வைரஸில் பாதியைத்தான் தடுத்தது. மேனோஸ் ஊற்றிய கிண்ணங்களில் ஒளி முழுவதும் திரும்பிவிட்டது. பிடிப்பது சர்க்கரையைத்தான். என் புரதத்துக்கு வலு குறைவு, ஆனால் அதில் பொய் இல்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது நிஜம்" என்றார். ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

ரேடியோவை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள். "கடைசி வரைக்கும் உன் பேரையும் சேர்த்துத்தான் சொன்னா" என்றார் மேடம். என் மேல் விழுந்த சந்தேகம் போகவில்லை; என் ஒப்பந்தமும் ஜூனோடு சரி.

ஜூலை 2, புதன்

புது ஆய்வகம். சின்ன இடம்தான், ஆனால் வெளிச்சமான அறை. பாசியையும் கூடவே கொண்டுவர விட்டார்கள். புரதத்தின் பிடியை இறுக்க வழி தேடுகிறேன்.

பக்கத்து மேசைப் பெண் நல்லவளாகத் தெரிகிறாள். மதியம் வந்து, "அக்கா, நான் கரைசல் கலக்கப் போறேன். உங்களுக்கும் சேர்த்துக் கலந்துடவா?" என்று கேட்டாள்.

"வேணாம்மா, நானே பாத்துக்கறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். சொல்லும்போதே என் கை குழாய்ப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. அதை அவளும் பார்த்துவிட்டாள். முகம் சுண்டிப்போய்த் தன் மேசைக்குத் திரும்பினாள்.

பாவம், அந்தப் பெண் என்ன செய்தாள்?