என் பக்கத்து பிரேக்

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் டிரைவிங் ஸ்கூலின் புது மேனேஜர் பயிற்சியாளர்கள் எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். இனிமேல் ஒவ்வொரு டிரைவிங் வகுப்பு முடிந்ததும் ஆங்கிலத்தில் நாலு வரி ரிப்போர்ட் எழுத வேண்டுமாம். "பிரேக் பிடிச்சாங்கன்னு மட்டும் எழுதாதீங்க. யார் வேணா பிடிப்பாங்க. எப்படிப் பிடிச்சாங்க, அதை எழுதுங்க."

இத்தனை வருடமாக "மெதுவா, மெதுவா" என்று சொல்லியே காலம் ஓடிவிட்டது. அதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் கை ஓடவில்லை.

வீட்டுக்காரியிடம் புலம்பினேன். "அதுக்குப் பேரு அட்வெர்ப். நான் சொல்லித்தரேன். நீங்க எனக்கு வண்டி, நான் உங்களுக்கு இது. சரியா?" என்றாள். சரி என்றேன்.

அவளுக்கும் அவசரம்தான். ஏப்ரல் ஒன்றாம் தேதி ஆஸ்பத்திரி லேபில் வேலைக்குச் சேர வேண்டும். விடிவதற்குள் போக வேண்டிய ஷிஃப்ட், அந்நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லையென்றால் வேலையும் இல்லை. ஏற்கனவே ஒரு டெஸ்டில் தோற்றிருக்கிறாள். டிரைவிங் மாஸ்டர் பெண்டாட்டி என்று ஊரே சிரிக்கிறது.

மார்ச் 6, வியாழன்

சமையலறை மேஜையில் முதல் பாடம். கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. நாம் 'அழகு' என்பதோடு 'ஆக' சேர்ப்பதுபோல அவர்கள் சொல்லின் வாலில் 'லி' ஒட்டுகிறார்கள். ஸ்லோ, ஸ்லோலி. கேர்ஃபுல், கேர்ஃபுல்லி. இவ்வளவுதானா என்று நிமிர்ந்து உட்கார்ந்து 'ஃபாஸ்ட்லி' என்று எழுதினேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஃபாஸ்டுக்கு வால் கிடையாதாம். 'குட்' அடியோடு மாறி 'வெல்' ஆகிவிடுமாம். ஏன் என்று கேட்டால், "அப்படித்தான்." அப்படித்தான் என்பது ஒரு விதியா?

இன்னொன்று. தப்பாக எழுதினால் அவள் சொல்வதே இல்லை. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, நானே கண்டுபிடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. சொல்லிக்கொடுக்கிறவள் சொன்னால் என்ன? வண்டியில் நான் இவளை இப்படியா தவிக்க விடுகிறேன்?

மார்ச் 8, சனி

ஃப்ரெண்ட்லி — வால் இருக்கிறது, ஆனால் அந்தக் கூட்டத்தில் சேர்த்தி இல்லையாம். தலை சுற்றுகிறது.

மார்ச் 10, திங்கள்

ஸ்கூல் வண்டியில் அவளைக் கூட்டிக்கொண்டு கடைத்தெரு வழியாகப் போனேன். நல்ல நெரிசல். ஒரு இடத்தில்கூட வண்டி குலுங்கவில்லை. இவளை எப்படித் தோற்கடித்தார்கள் என்றே புரியவில்லை.

வந்து பழக்கத்துக்கு எழுதினேன்: 'ஷி பிரஸ்ஸஸ் ஜென்ட்லி தி பிரேக்.' கன்னத்தில் கை. வெகுநேரம் முழித்தேன். கடைசியில் அவளுக்கே பொறுக்கவில்லை. "பிரஸ்ஸும் பிரேக்கும் ஒண்ணா இருக்கட்டும். நடுவுல போய் உக்காராதீங்க." ஜென்ட்லியைத் தூக்கிக் கடைசியில் போட்டேன். டிக் அடித்தாள்.

மார்ச் 13, வியாழன்

மறுபடியும் தோற்றுவிட்டாள்.

டெஸ்ட் எடுத்த ஆபீசர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பிரேக் லேட்." லேட்டா? யாருக்கு? என்கூட வரும்போது வெண்ணெய் மாதிரி நிக்குதே வண்டி. அவருக்கு என்மேல ஏதாவது கோபமா? இல்ல இவளுக்குப் பயமா? பயந்த முகமா அது? ஒண்ணும் விளங்கல.

இரவு சாப்பாட்டில் அவள் தலை நிமிரவில்லை. "நீங்க பக்கத்துல இருந்தா வண்டி சொன்ன பேச்சு கேக்குது. அந்த ஆள் உக்காந்தா கேக்க மாட்டேங்குது" என்றாள். அடுத்த டெஸ்ட் 27. அதையும் விட்டால் வேலை போச்சு.

மார்ச் 16, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஸ்கூல் வண்டி பட்டறையில் இருப்பதால் மச்சானின் காரை வாங்கிவந்தோம். சாதாரண கார். ஸ்கூல் வண்டியில் ஆபத்துக்கென்று என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். இதில் கிடையாது. முதல் சிக்னலில் வண்டி நிற்காமல் போய், கோட்டைத் தாண்டித் தூக்கிப்போட்டு நின்றது. இரண்டாவதிலும் அதே கதை. மூன்றாவதில் அவள் சாலையைப் பார்க்காமல் கீழே பார்த்தாள்.

"உங்க கால் என்ன பண்ணுது?"

என் வலது கால் கீழே விரித்திருந்த மிதியடியை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் ரப்பர். அப்படியும் விடாமல் அழுத்திக்கொண்டிருந்தது.

ஓரமாக நிறுத்தினாள். "அப்போ இத்தனை நாளா யாரு ஓட்டினது?"

சத்தியமா எனக்குத் தெரியாது. மத்தவங்ககிட்ட வாயால சொல்றேன், கத்துறேன். இவகிட்ட மட்டும் காலு தானா போயிருக்கு.

மார்ச் 17, திங்கள்

இன்று மேஜையில் பாடம் இல்லை.

ஏன் அப்படிச் செய்தேன்? அடிபட்டுவிடுவாள் என்ற பயமா? பயம்தான். வேறென்ன? அவள் வேலைக்குப் போவதில் எனக்கு ஒன்றும் இல்லை. இல்லையா? விடியுமுன் கிளம்பிப் போய்விடுவாள், காலையில் வீடு காலியாக இருக்கும் என்று ஒருநாள் நினைத்தது உண்மை. அதை என் கால் எப்படிக் கேட்டது? தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் இது தெரியவில்லை.

மார்ச் 20, வியாழன்

அவளே மச்சானின் கார் சாவியை எடுத்து நீட்டினாள். "வாங்க. ஆனா காலை மேல வைங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மேனேஜர் பார்த்தால் வேலையை விட்டே தூக்கிவிடுவார். இரண்டு தடவை வண்டி குலுங்கியது, ஒரு தடவை நடுத்தெருவில் ஆஃப் ஆனது, பின்னாலிருந்தவன் ஹாரனிலேயே திட்டினான். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டேன். அவள் ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்தாள். நாலு நாளில் முதல் சிரிப்பு.

மேஜையில் இவளுக்கு எப்படி இவ்வளவு பொறுமை வந்தது என்று இன்றுதான் மலைத்தேன்.

மார்ச் 26, புதன்

நாளைக்கு டெஸ்ட். நான் கூட வர வேண்டாமாம், மச்சான் போதுமாம். சுருக்கென்றது. சரி என்றேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

விழித்தபோது பக்கத்தில் படுக்கை காலி. ஆணியில் சாவி இல்லை, அன்று பாஸாகி வாங்கிவந்த லைசென்ஸும் இல்லை. சட்டைகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினேன். மச்சானின் கார் நின்ற இடத்தில் நேற்றைய மழைத்தண்ணீர்தான் கிடந்தது.

போன் வர அரைமணி ஆனது. அதுவரை உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"வந்து சேர்ந்துட்டேன்."

"எப்படி ஓட்டினே?"

"வந்து சேர்ந்துட்டேன்னு சொல்றேன்ல?" வைத்துவிட்டாள்.

பழக்கதோஷத்தில் பேனாவை எடுத்தேன். 'ஷி ட்ரோவ் டு வொர்க்.' எப்படி என்று எழுத வேண்டிய இடம் வந்ததும் நின்றுவிட்டேன். ஸ்லோலி, ஜென்ட்லி, கேர்ஃபுல்லி, வெல் — எல்லாம் இப்போது எனக்குத் தெரியும். எதைப் போடுவது? நான் அந்த வண்டியில் இல்லை.