முதல் பக்கத்தில் அவள் பெயர் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

உன்னோடு ஒரே மேசையில் வேலை பார்த்தவளின் அம்மா எழுதுகிறேன். நீ அந்த ஊரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? நான் லாண்டரி வேலைக்கு மறுபடி போகிறேன். துணி தேய்க்கிறேன், சிரித்தும் பேசுகிறேன். தேறிவிட்டாள் என்கிறார்கள். சொல்லட்டும்.

நேற்று உங்கள் புரொபசர் போன் செய்தார். உங்கள் ஆராய்ச்சி அறிக்கையின் முதல் பக்கத்தில் என் மகள் நினைவாக அவள் பெயரைப் போடுகிறார்களாம். பக்கத்தில் இருந்த என் தங்கை உருகிப்போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் எழுதின கணக்குப் பகுதி அதில் இருக்கிறதா என்று கேட்டேன். "அதைச் சேர்த்தா கம்ப்யூட்டருக்கு ரொம்ப நேரம் ஆகுதும்மா, தம்பியும் எடுத்துடலாம்னுட்டாரு" என்றார். தம்பி என்றது உன்னை.

நான் ஐந்தாவதோடு நின்றவள். அவள் சொன்னதுதான் தெரியும். பீங்கான் மாதிரி ஒரு பொருள், உள்ளே நூல் நூலாக இழை. எஞ்சினில் நெருப்புக்குப் பக்கத்தில் வைப்பார்களாம். அது எப்படிச் சேதமாகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் உங்கள் வேலை. இழுத்தால் பீங்கான் விரியும், இழை விடாமல் பிடித்துக்கொள்ளும். அழுத்தினால் விரிசல் மூடிக்கொண்டு புதுசு மாதிரி பலம் காட்டும். ஆனால் ஆறியிருக்காது, மறுபடி இழுத்தால் திறந்துகொள்ளும். இதை விட்டுவிட்டுப் போடுவது பொய்க்கணக்கு என்று சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு கத்துவாள். "என்கிட்ட ஏண்டி கத்துற, போய் அந்தக் குரங்குகிட்ட கத்து" என்பேன். குரங்கு நீதான். கோபப்படாதே, அவள் வைத்த பெயர்.

அவள் சொன்னது சரியா என்று எனக்கு எப்படித் தெரியும்? நீதான் சொன்னாய். அவளைத் துணியால் மூடி வெளியே கொண்டுவந்த அன்று, ஆஸ்பத்திரிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "அவ சொன்னதுதாம்மா சரி, நான்தான் ஒத்துக்கல" என்று அழுதாய். அதற்குப் பிறகும் எந்த வாயால் எடுத்துவிடலாம் என்றாய்?

அவள் பகுதி இல்லாத அறிக்கையில் அவள் பெயர் வேண்டாம். புரொபசரிடமும் சொல்லிவிட்டேன். "பெத்தவங்க நீங்களே இப்படிப் பேசலாமா" என்றார். பெற்றவள் பேசாமல் வேறு யார் பேசுவார்கள்?

அவளோடு ஓயாமல் சண்டை போட்டவன் நீ. அவளுக்காக ஒரு சண்டை அவர்களோடு போடு. ஜெயித்தால் நன்றாக இருப்பாய். தோற்றாலும் நன்றாக இருப்பாய், நேராக இங்கே வா, உனக்கும் சேர்த்துச் சமைக்கிறேன். சண்டையே போடாமல் மட்டும் என் வாசலுக்கு வராதே.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா